அம்மாவுக்கு வந்தது மஞ்சள்காமாலை இல்லை

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்த நேரம். பள்ளத்தூரில் என் சித்தி வீட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

நான் பத்தாவதோடு படிப்பை விட்டவள். விஞ்ஞானமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் யுராசில் என்று ஒரு பொருள் நம் எல்லார் உடம்பிலும் இருக்கிறது என்பது தெரியும். அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் வருவதற்கு என் அம்மாவின் உயிர் போக வேண்டியிருந்தது. அங்கிருந்தே சொல்கிறேன்.

அம்மாவும் நானும் காரைக்குடி செக்காலையில் ஒரு பலகாரக் கடையில் வேலை பார்த்தோம். அம்மா தேன்குழல் பிழிவதில் கெட்டிக்காரி. சட்டியில் முதலில் வேகும் ஒன்றை எடுத்து ஆறவைத்து, ஒடித்து வாயில் போட்டு, "சரி" என்று அம்மா சொன்னால்தான் மற்றதைப் பிழிவோம். உப்பு, வெண்ணெய் எதில் ஒரு சிட்டிகை கூடக்குறைய இருந்தாலும் அந்த நாக்கு சொல்லிவிடும்.

அந்த அம்மாவுக்குக் குடலில் கட்டி. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கேன்சர்தான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தை எங்கள் மூன்று பேரைத் தாண்டி வெளியே போகக்கூடாது என்று அப்பா சொன்னார். அம்மாவும் அதையே சொன்னார். அம்மாவின் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி, பள்ளத்தூர்ச் சித்தி. அவருக்குக்கூடச் சொல்லவில்லை. வயிற்றில் புண், அதற்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டோம். ஏன் என்று கேட்டால், வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறதாம். நான்தான் அந்தப் பெண். அந்த வீட்டில் அந்த வியாதி என்று பேர் எடுத்துவிட்டால் எவன் வருவான் என்று அப்பாவுக்குக் கவலை. எனக்காக மறைத்தார்கள். என்னைக் கேட்டு மறைக்கவில்லை.

ஆபரேஷன் புண் ஆறியதும் மாத்திரை கொடுத்தார்கள். மிச்சம் மீதி எங்காவது ஒளிந்திருந்தால் அதையும் அழிக்க. நீளமாக, செங்கல்லைப் பாலில் கரைத்த மாதிரி ஒரு வெளிறிய நிறம். காலையும் மாலையும், சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஒரு வாரம் ஆவதற்குள் அம்மாவின் வாய் முழுக்க வெந்துபோயிற்று. நாக்கு, கன்னத்தின் உள்பக்கம், தொண்டை எல்லாம் புண். அப்புறம் நிற்காத வயிற்றுப்போக்கு. மருந்து வேலை செய்தால் அப்படித்தான் இருக்கும் என்று அப்பா சொன்னார். காய்ச்சல் வந்தபோது நான் காரைக்குடியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அழுதேன். அங்கே எங்கள் சொந்தத்தில் ஒரு அக்கா நர்ஸ். தெரிந்துவிடுமே. அதனால் மதுரைக்கே போகலாம் என்று வண்டிக்கு ஆள் பார்த்து, அதிலும் வாயை மூடிக்கொள்ளும் ஆளாகப் பார்த்து, போய்ச் சேர்வதற்குள் அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. ரத்தத்தில் வெள்ளை அணுவே இல்லை என்றார்கள். அங்கிருந்து அம்மா திரும்பி வரவில்லை.

அடக்கத்தன்று சித்தி அம்மாவின் முகத்தைத் தடவிவிட்டு, "அத்தான், அக்கா வாயெல்லாம் ஏன் இப்படிப் பொத்துப்போயிருக்கு?" என்று கேட்டார். "காமாலை முத்திருச்சு" என்றார் அப்பா. அவ்வளவுதான். அன்றிலிருந்து என் அம்மா மஞ்சள்காமாலையில் செத்தவர். வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கலாமே தாயி என்றார்கள். ஒவ்வொருவருக்கும் நான் தலையாட்ட வேண்டும். செத்த தாயைப் பற்றி ஒரு பொய்க்குத் தலையாட்டிப் பார்த்தால்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

எனக்கு ஆறவில்லை. தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவள், கட்டியையும் எடுத்தாயிற்று, அப்புறம் மாத்திரை தின்று எப்படிச் சாவாள்? ஒரு நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, மிச்சமிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரின் மேஜையில் அட்டையைத் தூக்கிப் போட்டு, எங்கம்மாவைக் கொன்றது இதுதானே என்று கேட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "ஆமா, இந்த மருந்தாலதான்" என்றார். அப்படி நேராகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். தப்பிருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் அது என்ன வேலை செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறதாம். மூலம் ஒன்று, அதைப் பார்த்து எடுக்கிற நகல் ஒன்று. நகலை எழுதும் எழுத்துகளில் ஒன்றுதான் யுராசில். மூலத்தில் அந்த இடத்தில் தைமின் என்று வேறு எழுத்து. ஆனால் அந்தத் தைமினையும் உடம்பு யுராசிலில் ஒரு சின்ன ஒட்டு வைத்துத்தான் செய்து கொள்கிறதாம். ஒரு அணு இரண்டாகப் பெருக வேண்டுமென்றால் மூலத்தை இன்னொன்று எழுத வேண்டும். அதற்குத் தைமின் வேண்டும். கேன்சர் அணு கண்மண் தெரியாமல் பெருகுவது, அதனால் அதற்கு நிறைய வேண்டும்.

இந்த மாத்திரை உடம்புக்குள் போய்ப் பொய் யுராசிலாக மாறுகிறது. அச்சு அசலாக யுராசில் மாதிரியே இருக்கும், ஒரு இடத்தில் மட்டும் வித்தியாசம். எனக்கு உடனே எங்கள் கடை முறுக்கு உரல்தான் ஞாபகம் வந்தது. தேன்குழல் வில்லைக்குப் பதிலாக, அதே அளவில் ஓட்டை அடைத்த வில்லையைப் போட்டால் என்ன ஆகும்? கச்சிதமாக உட்காரும். ஆனால் மாவு இறங்காது. உரலே இறுகிக்கொள்ளும். அப்படித்தான் தைமின் செய்கிற இடம் இறுகிப்போய், கேன்சர் அணு பெருக முடியாமல் சாகிறது. நல்ல மருந்துதான். எத்தனையோ பேர் அதனால்தான் பிழைத்திருக்கிறார்கள் என்றார். அதையும் நான் சொல்ல வேண்டும்.

ஆனால் மிஞ்சுகிற யுராசிலைக் கரைத்து வெளியேற்றுவதற்கு ஈரலில் ஒரு வேலையாள் உண்டு. நாம் தின்கிற இந்த மருந்திலும் பெரும்பகுதியைக் கரைத்து அனுப்புவது அந்த வேலையாள்தான். அதைக் கணக்குப் பண்ணித்தான் அளவு வைத்திருக்கிறார்கள். சில பேருக்குப் பிறவியிலேயே அந்த வேலையாள் குறைவு. சில பேருக்கு இல்லவே இல்லை. அப்புறம் என்ன? அடைத்த வில்லை குவிந்து போய், கேன்சர் என்று பார்க்காமல் வாய், குடல், ரத்தம் ஊறுகிற எலும்பு என்று சீக்கிரம் சீக்கிரம் பெருகுகிற இடத்திலெல்லாம் போய் உட்கார்ந்து கொள்ளும். அம்மாவுக்கு வாய் ஏன் வெந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா என்று கேட்டேன். ரத்தத்தில் யுராசில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்க்கும் டெஸ்ட் இருக்கிறதாம். அவர்களிடம் எல்லாருக்கும் எடுக்கும் வழக்கம் இல்லையாம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஒன்று சொன்னார்: "இது ரத்த வழியா வர்றதும்மா. உங்க அம்மா கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்க, யாருக்காவது எப்பவாவது இந்த மருந்து எழுதினா, வாயில போடறதுக்கு முன்னாடி இதைச் சொல்லணும். மறந்துடாதீங்க."

பஸ்ஸில் வரும்போதே சித்திக்குப் போன் போட எடுத்தேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா பதறிப்போனார். "அவ மகளுக்கு இப்பதான் மாப்பிள்ளை பார்க்குறாக. நம்ம வீட்டுச் சீக்கைக் கொண்டுபோய் அங்குட்டு ஒட்டப்போறியா? அவளுக்கு என்ன வந்துச்சு, நல்லாத்தானே இருக்கா" என்றார். அம்மா படத்துக்கு முன்னால் நிறுத்தி, கல்யாணம் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். சித்தி நன்றாகத்தான் இருந்தார், நான் பார்த்த வரையில்; கார்த்திகையில் குடல் இறக்கத்துக்கு ஒரு ஆபரேஷன் செய்துகொண்டார், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை சிவகங்கைப் பக்கம் அமைந்தார். எங்கள் கிறிஸ்தவர்களில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று. மூன்றாவது ஓலை வாசித்து முடிகிற வரைக்கும் பெண் வீட்டில் யாரும் சத்தமாக இருமக்கூட மாட்டார்கள். இரண்டாவது ஓலை வாசித்த அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் வேன் எடுத்துக்கொண்டு பூசைக்கு வந்திருந்தார்கள். பலகாரம் எங்கள் கடையில்தான். தேன்குழல், மணகோலம், அதிரசம் எல்லாம் டின்னில் போட்டு நானே ஆட்டோவில் கொண்டுபோனேன்.

அடுப்படியில் டின்னைத் திறந்து சித்தியிடம் ஒரு தேன்குழலை நீட்டினேன். வீட்டுக்காரர் ஒன்றைக் கடித்துப் பார்த்த பிறகுதான் தட்டில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சித்தி அதை விரலால் ஒடித்தார். நல்லா இருக்கு என்றார். வாயில் போடவில்லை. பேசும்போது உதடு அசையவே இல்லை. பூசைக்கு முன்னால் யாரும் சாப்பிட மாட்டோம், அதனால் எல்லாருக்கும் பசி. சித்தி மட்டும் ஆறிப்போன கஞ்சித் தண்ணியை ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கண்ணை இறுக்கி மூடினார். அந்த மூடலை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் திரும்பி நின்று இடுப்புச் சேலை முடிப்பை அவிழ்த்து எதையோ எடுத்தார். வெளிறிய செங்கல் நிறம். நீளமாக.

நான் அந்தக் கையைப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் கஞ்சிச் செம்பு உருண்டது.

"இது என்ன சித்தி?"

"சூட்டுக்கு மாத்திரைத்தா. விடு கையை."

"வாயைத் திறங்க."

"ஏத்தா, உனக்கென்ன கிறுக்கா? வந்தவுக இருக்காக."

வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. சித்தியின் கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. கார்த்திகையில் குடல் இறக்கம் என்று சொல்லித் திருச்சியில் ஆபரேஷன் செய்தார்களே, அது குடல் இறக்கம் இல்லை. அம்மாவுக்கு வந்த அதே கட்டி. நாங்கள் சொந்தக்காரர் கண்ணில் படக்கூடாது என்று மதுரைக்குப் போனோம், இவர்கள் மதுரை என்றால் எங்களுக்குத் தெரிந்துவிடும் என்று திருச்சிக்குப் போயிருக்கிறார்கள். அக்கா அங்கே மறைக்க, தங்கச்சி இங்கே மறைக்க, ஒரே வியாதி, ஒரே மருந்து. மாத்திரை ஆரம்பித்து ஒரு வாரம்தான். முந்தின நாளிலிருந்து வயிற்றுப்போக்கு, காலையிலிருந்து காய்ச்சல். அந்தக் காய்ச்சலோடுதான் பூசையில் முட்டி போட்டிருக்கிறார்.

சித்தப்பா சத்தம் கேட்டு உள்ளே வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா காமாலையில் சாகவில்லை, இந்த மாத்திரையில்தான் செத்தார், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று. அவர் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனால் அவர் சொன்னது என்ன தெரியுமா? "மெதுவாப் பேசு புள்ள. அவுக சாப்பிட்டுக் கிளம்பட்டும். நாளைக்குப் பாப்போம். இன்னும் ஒரு ஓலைதான், முடிஞ்சிரட்டும்."

என் அப்பா வண்டிக்கு ஆள் பார்த்துக்கொண்டு நின்ற மாதிரியே இருந்தது எனக்கு. அதே குரல், அதே மெதுவாப் பேசு. எனக்குள்ளே என்னவோ அறுந்துபோயிற்று. அம்மா படத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தையும் அதோடு போயிற்று.

அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்தேன். மாப்பிள்ளை வீட்டார் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து பலகாரத் தட்டோடு இருந்தார்கள். கல்யாணப் பெண், என் தங்கச்சி, காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எதுவும் தெரியாது.

"சாமியார் தடை இருந்தாச் சொல்லச் சொன்னார்ல, இது தடையா என்னன்னு எனக்குத் தெரியல" என்றேன். "எங்க சித்திக்குக் குடல்ல கேன்சர். எங்கம்மாவுக்கும் அதுதான். காமாலை இல்ல. அதுக்குக் குடுக்குற மாத்திரை எங்கம்மாவைக் கொன்னுருச்சு, இப்ப சித்தியையும் கொல்லுது. இந்த வீட்டுல எல்லாரும் உங்களுக்குப் பயந்துக்கிட்டு அவுகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக மாட்டேங்குறாக."

கையில் கடித்த அதிரசத்தோடு ஒரு பெரியவர் அப்படியே உறைந்துபோனார். மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தார். சித்தப்பா வந்து என்னை ஓங்கி ஒரு அறை விட்டார். வலித்ததா என்று கூடத் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது தங்கச்சியை. அவள் காபித் தட்டை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். வெளியே வரும்போது சித்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு வந்தாள். நேரே மாப்பிள்ளையிடம் போய் நின்றாள். அதுவரை அவரோடு அவள் நேருக்கு நேர் பேசியதே இல்லை.

"வேன் உங்க வேன்தானே? எங்கம்மாவை மதுரைக்குக் கொண்டுபோகணும். வண்டியை எடுக்கச் சொல்லுறீகளா?"

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா தலையை அசைத்தார். வேன் கிளம்பியது.

அதே டாக்டர்தான். என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். மாத்திரையை நிறுத்தினார்கள். வெள்ளை அணு ஏற்கெனவே இறங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு நாள் போட்டிருந்தால் எங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது என்றார். தனி அறையில் வைத்து, மூக்கு வாய் மூடி, ஊசிமேல் ஊசி. அந்த நாட்களை நான் எழுதவில்லை, எழுத முடியவில்லை. சித்தி பிழைத்தார். அப்புறம் டெஸ்ட் எடுத்தார்கள். ரத்தத்தில் யுராசில் தேங்கியிருந்தது. கரைக்கிற அந்த வேலையாள் சித்திக்கு இல்லாமல் இல்லை, பாதி இருந்தது. அதனால்தான் இவ்வளவு தாக்குப்பிடித்திருக்கிறார். இப்போது அதே மருந்தை அளவைக் குறைத்துக் கண்காணித்துக் கொடுக்கிறார்கள். தாங்குகிறது.

மூன்றாவது ஓலை வாசிக்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் ஆள்விட்டுச் சொல்லிவிட்டார்கள். வேனைக் கொடுத்தார்கள், மாப்பிள்ளையைக் கொடுக்கவில்லை. சித்தப்பா என் முகத்தில் இன்னும் முழிப்பதில்லை. அப்பா ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. சொந்தத்தில் எனக்கு வாய்க்கொழுப்புக்காரி என்று பேர். சித்தியே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் முழித்த முதல் நாள், "என் மக வாழ்க்கையைக் கெடுத்துட்டியே" என்றார். எனக்காக மறுத்துப் பேச அம்மாவாவது இருந்திருக்கலாம். தங்கச்சிதான் நடுவில் புகுந்து, "என் வாழ்க்கை இந்தா இங்குட்டுத்தான் படுத்திருக்கு, கஞ்சியைக் குடிங்க" என்று ஸ்பூனை நீட்டினாள். அவள் இப்போது எங்கள் கடைக்கு வேலைக்கு வருகிறாள். அம்மா உட்கார்ந்து பிழிந்த இடத்தில் உட்காருகிறாள்.

போன ஆடியில் அம்மாவுக்கு முதல் வருஷ நினைவுப் பூசை. முடிந்து கோயில் வாசலில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தபோது, தூரத்துச் சொந்தத்தில் ஒரு அத்தை வழக்கம்போல ஆரம்பித்தார். எப்பேர்ப்பட்ட பொம்பளை, காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பாள் என்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்பா குனிந்து செருப்பை மாட்ட ஆரம்பித்தார்.

சித்தி சேலைத் தலைப்பால் தலையை மூடியபடி ஓரமாக நின்றிருந்தார். முடி கொஞ்சம் கொட்டியிருந்தது. அந்தத் தலைப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"காமாலை இல்ல மதினி. எங்க அக்காளுக்குக் கேன்சர். அதுக்குக் குடுத்த மருந்து அவ உடம்புல கரையல. எனக்கும் அதே கேன்சர், அதே மருந்து. எனக்குச் சொல்ல ஒருத்தி இருந்தா. அவளுக்கு யாரும் இல்ல."

அப்பா மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி கோயிலுக்குள்ளே போனார். அழத்தான் போயிருப்பார். நான் பின்னால் போகவில்லை.

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. அந்த டெஸ்டை ஏன் எல்லாருக்கும் எடுப்பதில்லை என்ற கோபம் ஒரு பக்கம். ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக அவளைப் பெற்றவளின் வியாதியைப் பொத்திப் பொத்தி வைக்கிறோமே, அந்தக் கோபம் அதைவிடப் பெரிது. எனக்கும் அந்தக் குறை இருக்கிறதா என்று டெஸ்ட் எடுக்கப் போகிறேன், தங்கச்சியும் வருகிறாள். இனி என்னைப் பெண் பார்க்க யார் வந்தாலும் சரி, என் அம்மா எதனால் போனார் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பலகாரத் தட்டை நீட்டுவேன்.